பெயர் தெரியாத இரும்பு: டிராக்டர் இணைப்புப் பாகங்களை அடையாளம் காணும் சிக்கல்

டிராக்டரின் எஞ்சினில் ஒரு பாகம் போய்விட்டால் மெக்கானிக் அதன் பெயரைச் சொல்வார், கடைக்காரர் டப்பாவை எடுத்து வைப்பார். பிஸ்டன், ஃபில்டர், இன்ஜெக்டர் என்று எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு, பெட்டி உண்டு, பெட்டியின் மேல் எண் உண்டு. பின்பக்கம் கலப்பையை மாட்டும் இடத்தில் ஒன்று உடைந்தால் நிலைமை வேறு. அங்கே தொங்கும் பின், சங்கிலி, கவை, தண்டு ஆகியவற்றில் பல கம்பெனியிலிருந்து வந்தவையாகவே இருக்காது. முந்தைய உரிமையாளர் மாட்டியது, லேத் பட்டறையில் கடைந்தது, வேறு வண்டியிலிருந்து கழற்றியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம். அதைச் சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் விவசாயியிடம் எல்லாரும் முதலில் கேட்பது, “என்ன வண்டி, என்ன மாடல்?” பல பாகங்களுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. சில பாகங்களுக்கு இது மட்டும் போதவே போதாது. எது எந்த ரகம் என்று பிரிக்கத் தெரியாததால்தான் உழவு நாளில் வண்டி சும்மா நிற்கிறது.

சிக்கலின் வேர் வரலாற்றில் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலம் வரை டிராக்டர் என்பது குதிரைக்குப் பதிலாக வந்த இழுவை வண்டி. கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுத்தார்கள். கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கினால் முன்பக்கம் எழும்பி, வண்டி ஓட்டுநர் மேலேயே மல்லாக்கக் கவிழும். ஃபோர்ட்சன் டிராக்டரில் இப்படிப் பலர் செத்தார்கள். 1917இல் அயர்லாந்தின் விவசாய வாரியத்துக்காக டிராக்டர்களின் உழவை மேம்படுத்தும் வேலையில் இறங்கிய ஹாரி பெர்குசன் இதற்கு ஒரு விடை கண்டார். கலப்பையை வண்டியோடு மூன்று இடங்களில் பிணைத்து, ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்க வேண்டும். கீழே இருக்கும் இரண்டு கைகள் இழுக்கும், மேலே இருக்கும் டாப் லிங்க் தள்ளும். மண் எதிர்க்கும்போது டாப் லிங்க் வண்டியை முன்னோக்கி அழுத்துவதால், கவிழ்க்க வந்த விசையே முன்சக்கரத்தைத் தரையோடு சேர்த்துப் பிடிக்கிறது. 1926இல் காப்புரிமை பெற்ற இந்த மும்முனை இணைப்பு, 1936இல் பெர்குசன்-பிரவுன் வண்டியிலும், 1939இல் ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கி முடித்த ஒப்பந்தத்தின்படி வந்த ஃபோர்டு 9என் வண்டியிலும் சந்தைக்கு வந்தது. அந்த உறவு பின்னால் முறிந்து, வழக்காகி, 1952இல் ஃபோர்டு கம்பெனி 92.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

காப்புரிமை ஒருவர் கையில் இருந்ததால் மற்றவர்கள் தங்கள் தங்கள் வழியில் போனார்கள். அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ‘ஃபாஸ்ட் ஹிட்ச்’ என்று இரட்டை முனை இணைப்பைக் கொண்டுவந்தது. அல்லிஸ்-சால்மர்ஸ் ‘ஸ்னாப் கப்ளர்’ என்றது, கேஸ் ‘ஈகிள் ஹிட்ச்’ என்றது. இவற்றில் ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேராது. 1960களில் எல்லோரும் பெர்குசன் முறைக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள் என்றாலும், அந்த இடைக்காலத்து வண்டிகளை வைத்திருக்கும் அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் இன்றும் பாகங்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் சிக்கல் வேறு விதமாக வந்தது. மும்முனை இணைப்பு முடிவான பிறகே இங்கே டிராக்டர் தொழில் வளர்ந்தது, ஆனால் பல நாட்டு வம்சாவளியோடு வளர்ந்தது. ஐஷர் 1959இல் ஜெர்மானிய வடிவமைப்போடு ஃபரீதாபாத்தில் தொடங்கியது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸி பெர்குசனின் பிரிட்டிஷ் மரபைக் கொண்டுவந்தது. 1963இல் மஹிந்திரா, வோல்டாஸ், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் மூன்றும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, இங்கிலாந்தில் செய்த பி-275 மாடலை இங்கே செய்தது. எஸ்கார்ட்ஸ் முதலில் போலந்தின் உர்சுஸோடும் பிறகு ஃபோர்டோடும் சேர்ந்தது. எச்.எம்.டி. செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டரிலிருந்து வந்தது. துர்காப்பூர் ஆய்வகத்தில் நம்மவர்களே வடிவமைத்த ஸ்வராஜ் 1974இல் வந்தது. இஞ்சுக் கணக்கில் செய்த வண்டியும் மில்லிமீட்டர் கணக்கில் செய்த வண்டியும் ஒரே ஊரில், ஒரே பட்டறையில், ஒரே கலப்பையை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு ஓடின. ஐம்பது ஆண்டு உழவுக்குப் பிறகு எந்தப் பாகம் எந்த வண்டியுடையது என்பதை வண்டியின் பெயரை வைத்துச் சொல்ல முடியாமல் போனதில் வியப்பில்லை.

நல்ல வேளையாக, இணைப்பின் பாதி பாகங்களுக்கு வண்டியின் பெயர் தேவையில்லை. உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 730, இந்தியாவில் ஐ.எஸ். 4468 என்ற தரநிலைகள் கலப்பை மாட்டும் முனைகளின் அளவுகளை வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. நமக்குப் பெரும்பாலும் வேண்டியவை முதல் வகையும் இரண்டாம் வகையும்தான். முதல் வகையில் டாப் லிங்க் பின் 19 மில்லிமீட்டர், கீழ்க்கைப் பின் 22 மில்லிமீட்டர். இரண்டாம் வகையில் டாப் லிங்க் பின் 25.5, கீழ்க்கைப் பின் 28 மில்லிமீட்டர். இஞ்சுக்கு எட்டு நூல் என்ற பட்டறைக் கணக்கில் சொன்னால் முதல் வகைக்கு மேலே ஆறு நூல், கீழே ஏழு நூல். இரண்டாம் வகைக்கு மேலே ஒரு இஞ்சு, கீழே ஒன்பது நூல். கலப்பையில் இரண்டு கீழ்ப் பின்களுக்கும் இடையே உள்ள அகலம் முதல் வகையில் 683 மில்லிமீட்டர், இரண்டாம் வகையில் 825. இந்த ஆறு எண்களைக் கடைப் பலகையில் எழுதி மாட்டினாலே பாதி அலைச்சல் தீரும். பின், கீழ்க்கைக் குண்டு, டாப் லிங்க் குண்டு, வளையம் போட்ட லாக் பின் எல்லாம் இந்த அளவுப்படிதான் வருகின்றன. இவற்றை எந்தக் கம்பெனிப் பெயரில் வாங்கினாலும் சரியாக உட்காரும்.

இதிலும் இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு. ஒன்று, குதிரைத்திறனை வைத்து வகையை முடிவு செய்வது. தரநிலைப்படி முதல் வகை 48 கிலோவாட் வரை, இரண்டாம் வகை 30 முதல் 92 கிலோவாட் வரை. அதாவது நம் வயல்களில் ஓடும் 40, 50 எச்.பி. வண்டி இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இன்னொன்று, ‘2என்’ என்ற குறுகிய வகை. இதில் பின்னின் பருமன் இரண்டாம் வகை, அகலம் மட்டும் முதல் வகை. பின்னை மட்டும் அளந்து கலப்பை வாங்கினால் கைகள் விரியாது. அகலத்தை மட்டும் அளந்து வாங்கினால் பின் துளையில் ஆடும். தோப்புகளில் ஓடும் மினி டிராக்டர்களில் அகலம் இன்னும் குறைவு. அவற்றுக்குப் பெரிய வண்டியின் கணக்கைப் போடவே கூடாது.

அளப்பது எளிது என்று தோன்றும். தேய்ந்த இரும்பை அளப்பது எளிதல்ல. திருவாரூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் பார்த்தது இது. ஓர் இளைஞர் கீழ்க்கைப் பின் ஒன்றைக் கொண்டுவந்து, வெர்னியரை வைத்துவிட்டு, “அண்ணே, ஆறே கால் நூல் காட்டுது. இப்படி ஒரு சைஸ் இருக்கா?” என்றார். பட்டறைக்காரர் பின்னை வாங்கிச் காய்ந்த சாணியும் கிரீஸும் போகத் துடைத்தார். நடுவில் குண்டு உட்கார்ந்த இடம் ஒரு பக்கமாகக் குழிந்து, ஓரத்தில் விரல் நகம் தட்டும்படி படி விழுந்திருந்தது. “தேஞ்ச இடத்துல அளக்காத தம்பி, லாக் பின் ஓட்டைக்கு அந்தப் பக்கம் அள” என்றார். அங்கே குண்டும் உரசாது, கலப்பையும் உரசாது. வெர்னியர் 22ஐத் தொட்டது. சாதாரணமான முதல் வகைப் பின்தான், எந்தக் கடையிலும் கிடைப்பது. ஓட்டையை அளக்கும்போதும் இதே கவனம் வேண்டும். குண்டின் துளை இழுவைத் திசையில் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். நீள வாக்கில் அளந்தால் பொய் அளவு வரும். குறுக்கு வாக்கில், மிகக் குறைந்த அளவு எங்கே வருகிறதோ அதுவே பழைய அளவுக்கு நெருக்கமானது.

மரை விஷயத்தில் தவறுகள் அதிகம். டாப் லிங்க் குழாயின் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. குழாயைத் திருகினால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் நீளவோ குறுகவோ செய்வதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு முனை மட்டும் போனால் அது எந்தப் பக்கத்து முனை என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். அடுத்தது, பருமன் ஒன்றாக இருந்தும் மரை வேறாக இருப்பது. அரை இஞ்சு போல்ட்டில் பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் என்றால் இஞ்சுக்கு 12 மரை, அமெரிக்க வழியில் வந்த யு.என்.சி. என்றால் 13. மரையின் கோணமும் 55 பாகை, 60 பாகை என்று வேறுபடும். நட்டு இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அதற்கு மேல் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் இரண்டு மரையும் கெடும். ஏழு நூல் போல்ட்டும் 22 மில்லிமீட்டர் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். மரை அளக்கும் பல்தகடு மலிவான பொருள்தான். அதை வைத்துப் பார்க்காமல் வெறும் பருமனைச் சொல்லி வாங்குவதில் அர்த்தமில்லை.

இனி தரநிலைக்கு வெளியே இருப்பவற்றுக்கு வருவோம். உண்மையான தேடல் இங்கேதான். தரநிலை கலப்பையும் வண்டியும் சந்திக்கும் முனைகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதற்குப் பின்னால், வண்டியின் உடம்போடு சேரும் பகுதி ஒவ்வொரு கம்பெனியின் சொந்த ஏற்பாடு. டாப் லிங்க்கை வண்டியில் தாங்கும் ராக்கர், லெவலிங் பாக்ஸ், ஹைட்ராலிக் தண்டில் ஏறும் தூக்குக் கை, கீழ்க்கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயின் மாட்டும் தாங்கி, தூக்குக் கம்பியின் அடிக்கவை ஆகியவை இந்த ரகம்.

இவற்றில் ராக்கர்தான் மிக நுட்பமானது. பார்ப்பதற்கு இரண்டு மூன்று துளை போட்ட ஒரு இரும்புக் கட்டி. நம் வண்டிகள் பெரும்பாலானவற்றில் மண்ணின் எதிர்ப்பை ஹைட்ராலிக்குக்குச் சொல்லும் ‘காது’ அதுதான். கலப்பை கடினமான மண்ணில் இறங்கியதும் டாப் லிங்க் ராக்கரைத் தள்ளும், ராக்கர் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்தும், ஸ்பிரிங் வால்வை நகர்த்தும், கைகள் சற்றே மேலெழும். ஆழம் கட்டுக்குள் இருப்பது இதனால்தான். எந்தத் துளையில் டாப் லிங்க்கை மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த உணர்வு கூடும், குறையும். துளைகளின் இடைவெளி சில மில்லிமீட்டர் மாறிய ராக்கரைப் போட்டால் கலப்பை மாட்டும், தூக்கும், இறக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். உழும்போது மட்டும் ஆழம் நிற்காது, வண்டி துள்ளும். பாவம், பழி ஹைட்ராலிக் பம்ப்பின் மேல் விழும். ராக்கரை மாற்றிய பிறகு இப்படி ஆனது என்றால் முதலில் ராக்கரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

லெவலிங் பாக்ஸ் வலது தூக்குக் கம்பியில் இருப்பது. கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் திரும்பிக் கம்பி நீளும், குறுகும், கலப்பை மட்டமாகும். இதில் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை மட்டும் தேடி அலைவதைவிட முழுப் பெட்டியையும் கம்பியோடு சேர்த்து மாற்றுவது பல நேரம் சிக்கனம். அப்படி மாற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது. தூக்குக் கம்பியின் அடிக்கவையில் பல வண்டிகளில் ஒரு வட்டத் துளையும் ஒரு நீளத் துளையும் இருக்கும். நீளத் துளையில் பின்னைப் போட்டால் அகலமான கருவி தரையின் மேடு பள்ளத்துக்கேற்ப ஆடிக் கொடுக்கும். நீளத் துளை இல்லாத கவையை வாங்கிவிட்டால் விதைப்புக் கருவி ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் விதைக்கும். தூக்குக் கை உடைந்தால் அதன் உட்பல்லை எண்ண வேண்டும், பல் வட்டத்தின் விட்டத்தை அளக்க வேண்டும். ஒரு பல் அகலமாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், கையின் கோணத்தை அதுதான் முடிவு செய்கிறது.

இந்த ரகப் பாகங்களுக்குத்தான் எண் தேவைப்படுகிறது. பெயின்ட்டும் சேறும் நீக்கி, கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்தால் இரும்பில் புடைத்த எண் ஒன்று தெரியும். அதைப் பார்த்ததும் தேடல் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அது பெரும்பாலும் வார்ப்பு எண், பாக எண் அல்ல. ஒரே வார்ப்பில் துளையை வேறு வேறாகப் போட்டு இரண்டு மூன்று மாடலுக்குக் கொடுப்பது வழக்கம். ஆனாலும் எண் பயனற்றது ஆகிவிடாது, வம்சத்தைக் காட்டிக் கொடுக்கும். ஆறு இலக்கத்தின் முடிவில் எம்1, எம்91 என்று வால் இருந்தால் மாஸி பெர்குசன் வழி. சி5என்என், டி0என்என் என்று தொடங்கினால் ஃபோர்டு வழி. அதில் முதல் எழுத்து பத்தாண்டு, அடுத்த இலக்கம் ஆண்டு, சி5 என்றால் 1965. இப்படி வம்சம் தெரிந்த பிறகு சேசிஸ் எண்ணை வைத்துப் பாகப் பட்டியலில் பார்க்கலாம். பழைய எண் நின்றுபோய்ப் புதிய எண்ணாக மாறியிருக்கும் என்பதால், ‘இந்த எண் இப்போது வருவதில்லை’ என்று கடையில் சொன்னால், அதற்குப் பதிலாக வந்த எண் என்ன என்று கேட்க வேண்டும். பலர் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை.

பட்டியல் கிடைக்காத வண்டிகளுக்கு இன்னொரு வழி உண்டு, நம் விவசாயிகள் அதிகம் அறியாதது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955 முதல் நடக்கும் மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இந்திய டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அந்த அறிக்கைகளில் மும்முனை இணைப்பின் அளவுகள் தரநிலையோடு ஒப்பிட்டு அச்சாகியிருக்கும். அமெரிக்க வண்டிகளுக்கு 1920இல் தொடங்கிய நெப்ராஸ்கா சோதனை அறிக்கைகள் உண்டு. வம்சம் தெரியாத பழைய வண்டிக்கு இவை நல்ல சாட்சி.

எங்கே வாங்குவது என்பது அடுத்தது. கம்பெனி டீலரிடம் ராக்கர், தூக்குக் கை போன்ற உணர்வும் பளுவும் சேர்ந்த பாகங்களை வாங்குவதே என் பரிந்துரை, விலை கூடினாலும். பின், குண்டு, சங்கிலி, டாப் லிங்க் ஆகியவற்றுக்கு லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் செய்து வரும் சரக்கு போதும். அதில் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு. உற்பத்தி நின்ற வண்டிகளுக்குப் பழைய இரும்புக் கடைதான் கதி. அங்கே வாங்கும்போது துளைகளின் ஓரத்தில் முடி போல விரிசல் ஓடுகிறதா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவிப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து கோடு காட்டும்.

கடைசி வழி லேத் பட்டறை. நம் ஊர்ப் பட்டறைக்காரர்களின் கைத்திறன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அளவு சரியாக வருவது பாதி வேலைதான், மீதி உலோகத்தில் இருக்கிறது. சாதாரண எம்.எஸ். (மென் எஃகு) ராடின் இழுவிசைத் தாங்குதிறன் ஏறத்தாழ 410 மெகாபாஸ்கல். ஈ.என்.8 என்றால் 550க்கு மேல். பதப்படுத்திய ஈ.என்.19 அதைவிடப் பல படி மேலே. மூன்றையும் கடைந்து பளபளப்பாக்கிய பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாது. பழைய பின்னில் அரத்தை இழுத்துப் பாருங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்திய பின் அது. அதற்குப் பதில் எம்.எஸ். ராடில் கடைந்து போட்டால் ஒரு பட்டத்தில் வளைந்துவிடும். பருமனைக் குறைப்பதும் ஆபத்து. 22 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 19 போட்டால் வளைவைத் தாங்கும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். முதல் வகைக் கலப்பையை இரண்டாம் வகைக் கையில் மாட்ட வேண்டியிருந்தால் அதற்கென்றே விற்கும் புஷ்ஷைப் போட வேண்டும். ஆட்டத்தோடு ஓட்டினால் பின்னும் போகும், குண்டும் போகும்.

வெல்டிங் பற்றியும் சொல்லியாக வேண்டும். கீழ்க்கையில் குண்டு தேய்ந்தால், வெல்டு வைத்துச் சேர்ப்பதற்கென்றே குண்டு முனைகள் விற்கின்றன. கையின் நீளத்தை வெட்டுவதற்கு முன்பே குறித்துக்கொண்டு, மற்றக் கையோடு ஒப்பிட்டு வைத்தால் நல்ல தீர்வு. ஆனால் வார்ப்பிரும்பு ராக்கரைச் சாதாரண ராடால் ஒட்டுவது, கெட்டிப்படுத்திய பின்னை ஒட்டுவது இரண்டும் கூடாது. ஒட்டிய இடம் நிற்கும், பக்கத்து இரும்பு உடையும். பழைய பாகத்தையே அச்சாக வைத்து வார்க்கக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும், எஃகு ஏறத்தாழ இரண்டு சுருங்கும். துளைகளின் இடைவெளியில் அது பிடிபடும்.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் ஆபத்துதான். லாக் பின் தொலைந்த இடத்தில் ஆணியை வளைத்துப் போட்டு, ரோட்டவேட்டரோடு சாலையில் போகும் வண்டிகளை நாம் பார்க்கிறோம். ஒரு பக்கம் கழன்றால் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் கதி என்ன? அதைவிடக் கொடியது, கீழே இழுவைக் கம்பி உடைந்துவிட்டது என்று கயிற்றையோ சங்கிலியையோ டாப் லிங்க் தாங்கியில் கட்டி இழுப்பது. பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், 1917இல் பெர்குசன் எதைத் தடுக்கப் புறப்பட்டாரோ அதே கவிழ்ப்பு நடக்கும். ஓட்டுநர் குதிப்பதற்கு நேரம் இருக்காது.

டிராக்டர் கம்பெனிகளுக்கு ஒரு கோரிக்கை. உற்பத்தி நின்ற மாடல்களின் இணைப்புப் பாகப் பட்டியலை, படத்தோடும் அளவோடும் தமிழில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ராக்கரிலும் கவையிலும் வார்ப்பு எண்ணோடு பாக எண்ணையும் வகையையும் பொறியுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையினர் தங்கள் ஒன்றிய அலுவலகங்களில் அந்த ஆறு அளவுகளையும் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம், செலவு ஒன்றும் பெரிதில்லை. வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பருவம் தொடங்குவதற்கு முன்பே பின்பக்கத்தைக் கழுவி, ஒவ்வொரு பின்னையும் துளையையும் மரையையும் அளந்து, ராக்கரையும் லெவலிங் பாக்ஸையும் நான்கு பக்கமும் படம் பிடித்து, சேசிஸ் எண்ணோடு ஆர்.சி. புத்தகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த பிறகு அளப்பதற்கு அங்கே பாதி இரும்புதான் இருக்கும்.